பனியில் தெரியும் பாலம்: ஆம்ஸ்டர்டாம் நகரும் அதன் குளிர்கால நிழற்படங்களும்

பழைய கற்பாலம் ஒன்றினைப் பனி பொழியும் வேளையில் நிழற்படமாக்குவது மேலைநாடுகளில் பெரிதும் விரும்பப்படும் ஒரு கலைப்பழக்கம். நாட்காட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் அத்தகைய படங்கள் ஆண்டுதோறும் இடம்பெறுகின்றன. அவற்றைக் காண்போர் 'அழகு' என்னும் ஒரு சொல்லைக் கூறிக் கடந்துவிடுகின்றனர். அவ்வாறு கடக்கும்போது, அப்படங்களுள் பதிந்துள்ள வரலாறும் உடன் கடக்கப்பட்டுவிடுகிறது. கால்வாய்களால் ஆன ஒரு நகரில், நூற்றாண்டுகள் கடந்த ஒரு பாலத்தின்மேல் பனி விழுவதை யார் பதிவு செய்தார், எக்கருவியால் செய்தார், எதன்பொருட்டுச் செய்தார் என்னும் வினாக்களை எழுப்பின், அந்நகரின் நானூறு ஆண்டு வாழ்க்கை அவ்வினாக்களுக்கு விடையாக விரிவதைக் காணலாம். நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரத்தை முன்னிறுத்தி அவ்வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல் பற்றிய ஒரு தெளிவு வேண்டும். தொல்காப்பியம் வகுத்த பெரும்பொழுதுகள் ஆறனுள் முன்பனியும் பின்பனியும் இடம்பெற்றுள்ளன. ஆயின் அங்குப் பனி என்பது இலைநுனியில் திரளும் நீர்த்துளியும், விடியலை மூடும் மூட்டமும், உடலை நடுக்கும் குளிருமே ஆகும். வானிலிருந்து வெண்துகளாக இறங்கி, கூரையிலும் கிளையிலும் படிந்து, நாட்கணக்கில் கிடக்கும் பனிப்பொழிவு தமிழ்நிலத்தின் பட்டறிவுக்கு அப்பாற்பட்டது. அதனைக் குறிக்கவும் தமிழ் அப்பழைய சொல்லையே விரித்துக்கொண்டது. இக்கட்டுரையில் பனி என்பது அவ்வெண்பனியையே குறிக்கும்.

மதகு எனப் பெயர்பெற்ற பாலம்

ஆம்ஸ்டர்டாம் நகரின் பழம்பாலங்களுள் டோரன்ஸ்லௌஸ் என்பது தனிச்சிறப்புடையது. சிங்கல் என்னும் கால்வாயின் குறுக்கே 1648ஆம் ஆண்டு கட்டப்பட்ட இப்பாலம், அந்நகரில் தன் பழைய வடிவோடு எஞ்சியுள்ள பாலங்களுள் மிகத் தொன்மையானதாக மதிக்கப்படுகிறது. 'டோரன்' என்பதற்குக் கோபுரம் என்பது பொருள். 'ஸ்லௌஸ்' என்பதற்கு மதகு என்பது பொருள். நீரைத் தடுத்துத் திறக்கும் மதகினைக் குறித்த சொல், ஆம்ஸ்டர்டாமில் வளைவு வைத்துக் கட்டிய கற்பாலத்திற்கும் பெயராயிற்று. வாய்க்காலின் மேலமைந்த சிறுபாலத்தைத் தமிழக ஊர்களிலும் 'மதகு' என்றே மக்கள் வழங்குவர். தொடர்பில்லாத இரு மொழிகளில் ஒரே பொருள்விரிவு நிகழ்ந்திருப்பது, நீரோடு வாழும் மாந்தரின் எண்ணம் எங்கும் ஒரு திசையிலேயே செல்லும் என்பதைக் காட்டுகிறது.

சிங்கல், பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நகரைச் சூழ்ந்த அகழியாக இருந்தது. நகரம் விரிந்தபோது மதிலும் அகழியும் தம் காவற்பணியை இழந்தன, அகழி கால்வாயாயிற்று. அதன் கரையில் நின்ற பழங்காவற் கோபுரத்தின்மீது 1616இல் அழகிய மேற்பகுதி எழுப்பப்பட்டது. யான் ரோடன்போர்ட் கோபுரம் என்பது அதன் பெயர். பின்னர் பாலம் கட்டியவர்கள் கோபுரத்தை அகற்றாமல், அதற்கும் இடம்விட்டு ஏறத்தாழ நாற்பது மீட்டர் அகலத்திற்குப் பாலத்தை அமைத்தனர். இதனால் அது பாலம் என்பதைவிட ஒரு சிறு திடல் போன்றே தோன்றுகிறது. பாலத்தின் அடிப்பகுதியில் நீர்மட்டத்தை ஒட்டிச் சிறையறைகள் இருந்தன. கம்பியிட்ட அவற்றின் திறப்புகள் இன்றும் தென்படுகின்றன.

நெதர்லாந்தில் கல் விளைவதில்லை எனலாம். சதுப்பும் மணலும் களிமண்ணுமே அந்நிலத்தின் இயல்பு. ஆதலின் 'கற்பாலம்' என்று வழங்குவனவற்றின் உடல் பெரும்பாலும் செங்கல்லே. வெளிநிலங்களிலிருந்து படகுகளில் வந்த இயற்கைக்கல், வளைவின் விளிம்பிலும் கைப்பிடிச் சுவரிலும் அளவோடு பயன்பட்டது. இவற்றின் பாரத்தைத் தாங்குவனவோ, சேற்றினூடே கீழுள்ள மணற்படுகை வரை அடித்திறக்கப்பட்ட மரத்தூண்கள். இப்பாலம் கட்டப்பட்ட அதே 1648இல் அடிக்கல் நாட்டப்பட்ட நகர மன்ற மாளிகைக்கு மட்டும் 13,659 மரத்தூண்கள் இறக்கப்பட்டன. அம்மாளிகையே இன்று டாம் சதுக்கத்தில் அரண்மனையாக விளங்குவது. நீருக்குள் மூழ்கியிருக்கும் வரை இம்மரம் எளிதில் உளுக்காது. நீர்மட்டம் தாழ்ந்து காற்றுப்பட்டால் அழுகும். கண்ணுக்குத் தெரியும் கல்லைக் கண்ணுக்குத் தெரியாத மரம் தாங்குகிறது என்பதை இங்கு நினைவிற்கொள்ளல் வேண்டும்.

டோரன்ஸ்லௌஸின் கோபுரம் சிதைவுற்றதால் 1829இல் இடிக்கப்பட்டது. நிழற்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது 1839இல். பத்தே ஆண்டு இடைவெளியில் அக்கோபுரம் நிழற்படத்திற்குத் தப்பிப்போயிற்று. இன்று அது செதுக்குப் படங்களிலும் வரைபடங்களிலும் மட்டுமே நிற்கிறது. அது நின்ற இடத்தின் எல்லை பாலத்தின் தளத்தில் கல்வரிசையால் குறிக்கப்பட்டுள்ளது. பனி விழும் நாளில் அவ்வரிசையும் மறைந்துபோகும்.

தூரிகை கண்ட பனி

நிழற்படக் கருவிக்கு முன்னரே இந்நகரின் பனி பதிவு பெற்றது. ஐரோப்பாவில் குளிர் மிகுந்திருந்த அந்நூற்றாண்டுகளைச் 'சிறு பனியூழி' என்று அறிஞர் குறிப்பிடுவர். ஆம்ஸ்டர்டாமில் 1585இல் பிறந்த ஹென்ட்ரிக் அவர்காம்ப், உறைந்த நீர்ப்பரப்பில் சறுக்கி விளையாடும் மக்கள் கூட்டத்தைத் தம் ஓவியங்களில் நிலைபெறச் செய்தார். பெருஞ்செல்வரும் இரவலரும் ஒரே பனிப்பரப்பில் வழுக்கி விழும் காட்சிகள் அவை. யான் ஆபிரகாம்ஸ் பேர்ஸ்ட்ராட்டன் நகரின் துறைமுகத்தையும் பாலத்தையும் குளிர்காலத்தில் வைத்து வரைந்தார். யான் வான் டெர் ஹைடன் என்பார் சுவர்களைச் செங்கல் செங்கல்லாக எண்ணி வரைந்தவர். அவரே ஆம்ஸ்டர்டாமின் தெருவிளக்குகளை அமைத்தவரும், தீயணைப்புக்குரிய நீர்க்குழாயை உருவாக்கியவரும் ஆவார். நகரைக் காண்பதும் நகரைக் காப்பதும் ஒருவரது தொழிலாகவே இருந்தமை எண்ணத்தக்கது.

அதே காலத்தில் அக்கால்வாய்க் கரைகளின் சரக்கறைகளில் குவிந்த பொருள்களுள் தமிழகக் கடற்கரைக்கும் பங்குண்டு. பழவேற்காட்டிலும், 1658 முதல் நாகப்பட்டினத்திலும் நிலைகொண்டிருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினி, சோழமண்டலத் துணிகளைக் கப்பலேற்றியது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பிலிப்பஸ் பால்டேயஸ் என்னும் குருவானவர் எழுதிய நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. மலபார், சோழமண்டலம், இலங்கை ஆகியவற்றை விவரிக்கும் அந்நூலில் தமிழ் எழுத்துகளும் மொழிக்குறிப்பும் இடம்பெற்றன. டோரன்ஸ்லௌஸ் கட்டப்பட்டு இருபத்துநான்கு ஆண்டுகளே ஆகியிருந்த வேளை அது.

ஓவியர் கண்ட பனி, அறைக்குள் அமர்ந்து நினைவிலிருந்து தீட்டப்பட்ட பனி. அவர் வேண்டிய இடத்தில் மனிதரை நிறுத்தலாம். வேண்டாத மரத்தை நீக்கலாம். கோடையில் வரைந்த குறிப்பின்மீது பனியைப் போர்த்தலாம். இவ்வுரிமையே ஓவியத்தின் வலிமையும் அதன் சான்றுத்தன்மைக்கு எல்லையும் ஆகிறது. 'இந்நாளில் இவ்விடத்தில் இவ்வாறு இருந்தது' என்று சொல்லும் கடப்பாடு ஓவியர்க்கு இல்லை. அக்கடப்பாட்டைச் சுமந்து வந்தது நிழற்படம்.

பனியும் கண்ணாடித் தகடும்

தொடக்ககால நிழற்படத்திற்குப் பனி எளிதில் வயப்படவில்லை. 1851இல் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையில், கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, அது உலருமுன் படமெடுத்து, உடனே உருத்துலக்கவும் வேண்டும். இவை யாவும் சில நிமிடங்களில் முடிய வேண்டும். கூடாரத்தையும் வேதிக்கரைசல்களையும் சுமந்துகொண்டு, விரல் விறைக்கும் குளிரில் பாலத்தின்மேல் நின்று இதனைச் செய்தல் பெருந்தொல்லை. மேலும், அத்தகடு நீலவொளிக்கே மிகுதியும் இசைந்தது. எனவே வானமும் பனியும் ஒன்றாய் வெளுத்து, இடையில் பாலம் மட்டும் கரிய வளைவாய்த் தொங்கும்.

விழுகின்ற பனியைப் பிடிப்பது இன்னும் அரிது. நீண்ட நேரம் ஒளியேற்கும் தகட்டில் விழும் துகள்கள் தடமின்றி மறைந்துவிடும். சற்றே குறுகிய நேரத்தில் அவை கோடுகளாக நீளும். மிகக் குறுகிய கணத்தில்தான் புள்ளிகளாக நிற்கும். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பாலான பனிப்படங்கள் விழுந்து முடிந்த பனியையே காட்டுகின்றன. தெருவில் நடந்தவரும் அவ்வாறே. விரைந்து சென்றவர் மறைந்தனர். நின்றவர் மட்டும் எஞ்சினர்.

மாடாக்ஸ் என்பார் 1871இல் முன்வைத்த உலர்தகட்டு முறை இந்நிலையை மாற்றிற்று. தகட்டை முன்னரே வாங்கி வைத்துக்கொள்ளலாம். படமெடுத்தபின் வீடு திரும்பி உருத்துலக்கலாம். 1888இல் ஈஸ்ட்மனின் கோடக் கருவி வந்தபின், கையிலேந்திய கருவியால் நடந்துகொண்டே படமெடுக்க இயன்றது. கருவி கைக்கு வந்த பின்னரே பனி படத்திற்கு வந்தது எனலாம்.

பனிக்குரிய மற்றொரு சிக்கல் இன்றளவும் நீங்கவில்லை. ஒளியை அளக்கும் மானி, காணும் காட்சி யாவும் நடுத்தரச் சாம்பல் நிறத்தது என்றே கொள்ளும். பனி மூடிய பாலத்தின்முன் அதனை நம்பினால் வெண்மை சாம்பலாகிவிடும். எனவே கலைஞர் மானி காட்டுவதைவிட மிகுதியான ஒளியைத் தர வேண்டும். கருவியின் கணக்கை மீறித் தன் கண்ணை நம்பும் துணிவு பனிப்படத்திற்கு இன்றியமையாதது.

யாக்கோப் ஓலியின் நாட்குறி

ஆம்ஸ்டர்டாமை மிகுதியும் பதிவு செய்தவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் யாக்கோப் ஓலி. 1834இல் பிறந்து 1905இல் மறைந்த அவர் தச்சுத்தொழில் பயின்றவர்; கைத்தொழிற் பள்ளியில் ஆசிரியராகவும் பின் அதன் தலைவராகவும் பணியாற்றியவர். 1860ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் தம் வீட்டுச் சூழலைப் படமெடுத்தார். பின் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கருவியைத் தொடவில்லை. ஓய்வுபெற்ற 1890இல் மீண்டும் தொடங்கி, வாழ்நாளின் இறுதிக்கட்டம் வரை தெருத்தெருவாக நடந்து சில ஆயிரம் தகடுகளில் நகரைப் பதித்தார். அவை இன்று நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

அவர் மீண்டும் தொடங்கிய காலம் கருதத்தக்கது. நகரம் தன் கால்வாய்களைத் தானே தூர்த்துக்கொண்டிருந்த காலம் அது. 1884இல் நியூவேஸெய்ட்ஸ் ஃபோர்பர்க்வல் என்னும் கால்வாய் தூர்க்கப்பட்டுத் தெருவாயிற்று. 1889இல் ரோசன்கால்வாய் அவ்வாறே ஆயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் வார்முஸ் கால்வாய் மறைந்து ராத்ஹௌஸ் தெரு எழுந்தது. டிராம் வண்டிகள் ஏறுவதற்காக உயர்ந்து வளைந்திருந்த பாலங்கள் பல தாழ்த்தப்பட்டன. நோய்பரப்பும் நாற்றநீரை ஒழித்தல், போக்குவரத்துக்கு வழிசெய்தல் என்னும் காரணங்கள் கூறப்பட்டன. அவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆயினும் ஒவ்வொரு கால்வாய் மறைந்தபோதும் அதன் பாலங்களும் பயனிழந்து மறைந்தன.

1890-91ஆம் ஆண்டுக் குளிர்காலம் மிகக் கடுமையானது. ஓலி கருவியை மீண்டும் கையிலெடுத்தது அந்தக் குளிரின் தொடக்கத்தில்தான். அவ்வாண்டுகளில் அவரெடுத்த படங்களுள் உறைந்த கால்வாய்களும் பனி படிந்த கரைகளும் உள்ளன. அவற்றில் ஆரவாரம் இல்லை. தச்சரின் கண் அவருடையது. கோடு நேராக இருக்க வேண்டும், மூலை மூலையாகத் தெரிய வேண்டும் என்பதே அவர்தம் விருப்பு. ஒவ்வொரு கல்லின் மேற்புறத்திலும் பனி ஒரு வெண்கோடு இடுவதால், கோடையில் ஒரே இருளாய்த் தோன்றும் வளைவு, பனியில் தன் கட்டுமானத்தைத் தானே வரைந்து காட்டுகிறது. பனி மறைக்கும் என்பது பொதுவழக்கு. பாலத்தைப் பொறுத்தவரை அது விளக்கவும் செய்கிறது.

ஓலியின் சிறப்பு அவர் நாளைக் குறித்தமையில் உள்ளது. அவருடைய பிற்காலப் படங்கள் பலவற்றிற்கு ஆண்டு மட்டுமன்றித் திங்களும் நாளும் தெரிகின்றன. இது சிறுசெய்தி போன்று தோன்றலாம். ஆனால் பனி காலத்தை அழிக்கும் தன்மையது. மின்கம்பியை மூடும், தண்டவாளத்தை மூடும், புதிய கூரையையும் பழைய கூரையையும் ஒன்றாக்கும். பனி மூடிய பாலம் எந்நூற்றாண்டிற்கும் உரியதாகத் தோன்றும். அத்தோற்றத்தைக் கண்டு மயங்குவோர்க்கு வரலாறு வேண்டுவதில்லை. பழமை என்னும் மணம் போதும். நாட்குறி ஒன்றே அம்மயக்கத்தைத் தடுக்கிறது.

பிரைட்னரும் விட்சனும்

ஓலி நகரின் கட்டடங்களைக் கண்டார். ஜார்ஜ் ஹென்ட்ரிக் பிரைட்னர் நகரின் நடையைக் கண்டார். 1857இல் ராட்டர்டாமில் பிறந்து 1886இல் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்த இவ்வோவியர், தெருவில் நடக்கும் எளிய மக்களைத் தீட்டுவதே தம் பணி என்று இளமையிலேயே உறுதிகொண்டவர். வெயில் ஒளிரும் நகரம் அவருடையதன்று. மழையில் நனைந்த கற்றளமும், உருகிச் சேறாகும் பனியும், மாலை மங்கலும், ஈரச்சுமையோடு குதிரைகள் இழுக்கும் வண்டியுமே அவருடைய நகரம். கையிலேந்தும் கருவியோடு அவர் தெருக்களில் நடந்து எடுத்த படங்கள், அவர் வாழ்ந்த காலத்தில் பலர் அறியாதவை. 1923இல் அவர் மறைந்து நெடுநாள் கழித்து, 1961இல் பெருந்தொகையான நெகடிவுகள் வெளிப்பட்டபின்னரே, அவர் தூரிகைக்குப் பின்னால் ஒரு கருவி இருந்தமை முழுமையாகப் புலனாயிற்று.

இவ்வகையில் அவருடைய ஓர் ஓவியம் சிறப்பாகக் கருதத்தக்கது. 1896 முதல் 1898 வரை தீட்டப்பட்ட அது, பாலைஸ் தெருவருகே சிங்கல் கால்வாய்ப் பாலத்தைக் காட்டுகிறது. டோரன்ஸ்லௌஸ் நிற்கும் அதே கால்வாய்தான் அது. முகத்திரை அணிந்த ஒரு பெருமாட்டி காண்போரை நோக்கி நேராக நடந்துவருகிறாள். சட்டகத்தின் விளிம்பு அவளுருவைக் கீழே வெட்டிவிடுகிறது. இவ்வாறு உருவை வெட்டுவது தெருவில் சட்டென எடுத்த நிழற்படத்தின் இயல்பு. ஆனால் அப்பெண் தொடக்கத்தில் பெருமாட்டியாக இல்லை. பிரைட்னர் முதலில் அங்கு வைத்தது ஒரு வீட்டு வேலைப்பெண்ணை. படம் விலைபோக வேண்டும் என்ற விற்பனையாளரின் அறிவுரையால் அவள் மாற்றப்பட்டாள்.

எளிய மக்களின் ஓவியராக இருக்க விழைந்தவரின் பாலத்திலிருந்தே எளியவள் ஒருத்தி நீக்கப்பட்டாள் என்பது எண்ணிப்பார்க்க வேண்டியது. கண்ணாடித் தகட்டில் பதிந்தவளை அவ்வளவு எளிதாக நீக்க இயலாது. பிரைட்னரின் நெகடிவுகளில் வேலைப்பெண்களும் சுமைதூக்குவோரும் கட்டடத் தொழிலாளரும் அவ்வவ்விடங்களிலேயே நிற்கின்றனர். கலைமதிப்பில் ஓவியம் உயர்ந்தது என்போர் இருக்கலாம். பாலத்தைக் கடந்தவர் யார் என்று கேட்கும் வரலாறு, நெகடிவின் பக்கமே நிற்கும்.

வில்லம் விட்சன் இவ்விருவரினும் வேறுபட்டவர். 1860 முதல் 1923 வரை வாழ்ந்த இவர் ஓவியர், செதுக்குப்படக் கலைஞர், நிழற்படக் கலைஞர் என மூவகையிலும் திகழ்ந்தவர். 'எண்பதுகளின் இயக்கத்தினர்' எனப்படும் டச்சுப் புதுக்கவிஞர்களின் நெருங்கிய நண்பர். 1885இல் அவர்கள் தொடங்கிய 'புதிய வழிகாட்டி' என்னும் இதழில் எழுதியவர். கவிஞர் வில்லம் குளோஸையும், 1892இல் நெதர்லாந்து வந்த பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேனையும் அவர் எடுத்த படங்கள் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றவை. விட்சனின் பனிக்காட்சிகளில் மனிதர் அரியர். நீரோரம் நிற்கும் வீட்டுச்சுவர், அசையாத் தண்ணீர், கூரைமேல் வெண்மை, அவ்வளவே. ஒரு கவிஞர் வட்டம் தன் நகரைக் காண ஒரு நிழற்படக் கலைஞரின் கண்ணையும் பெற்றிருந்தது என்பது அவ்வட்டத்தின் பேறு.

ஒளித்து வைத்த கருவி

இதுவரை கூறிய படங்களில் பனி ஒரு பருவம். 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அது ஒரு படை.

1944 செப்டம்பரில் நெதர்லாந்து இருப்புப்பாதைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆதிக்கம் செலுத்திய ஜெர்மானியர் அதற்கு எதிர்நடவடிக்கையாக மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதைத் தடுத்தனர். அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் மின்சாரமும் எரிவாயுவும் நின்றன. தடை தளர்ந்து படகுவழி உணவு வரலாம் என்ற நிலை ஏற்பட்டபோது கடுங்குளிரில் நீர்வழிகள் உறைந்துபோயின. நகரத்தை ஆக்கிய கால்வாய்களே, உறைந்த நிலையில் நகரத்தின் வாயை அடைத்தன. மக்கள் சர்க்கரைக் கிழங்கையும் துலிப் மலர்க்கிழங்கையும் அவித்துண்டனர். டிராம் தண்டவாளங்களுக்கு இடையிலிருந்த மரக்கட்டைகளைப் பெயர்த்து எரித்தனர். யூதர் வாழ்ந்த தெருக்களில், கொலைமுகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டோரின் வெற்று வீடுகளிலிருந்து உத்திரங்களும் படிக்கட்டுகளும் விறகாயின. தாங்குமரம் இழந்த சுவர்கள் இடிந்து விழுந்தன. அப்பஞ்சத்தில் நாட்டின் மேற்குப் பகுதியில் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

தெருவில் படமெடுப்பதை ஆதிக்க அரசு 1944 நவம்பரில் தடைசெய்தது. அத்தடையை மீறிய ஒரு குழு பின்னர் 'தலைமறைவுக் கேமரா' என்று பெயர் பெற்றது. காஸ் ஓர்ட்ஹௌஸ், எம்மி அன்ட்ரீசெ, சார்ல்ஸ் பிரையர் முதலியோர் அதில் இருந்தனர். கைப்பையிலும் மேலங்கியின் உள்ளும் மிதிவண்டிப் பையிலும் கருவியை மறைத்துக்கொண்டு, இடுப்பளவு உயரத்திலிருந்து, பார்வைக்குழலில் கண் வைக்காமலே அவர்கள் படமெடுத்தனர். பிடிபட்டால் சிறையோ அதனினும் கொடியதோ நேரும். எம்மி அன்ட்ரீசெ யூதப் பெண்மணி. தலைமறைவாக வாழ்ந்து, புனைந்த சான்றின் துணையால் மீண்டும் வெளியே நடமாட முடிந்தவர். வெற்றுப் பாத்திரத்தோடு தெருவில் நிற்கும் சிறுவனை அவர் எடுத்த படம் அக்குளிர்காலத்தின் அடையாளமாக இன்றும் நிற்கிறது. அவர் 1953இல், தம் முப்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.

அக்குளிர்காலத்துப் பனிப்படங்களை அழகுப்படங்களோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு விளங்கும். பனி மூடிய நகரத்தின் படத்தில் மூன்று சான்றுகளை எப்போதும் காணலாம். ஒன்று, புகைபோக்கியிலிருந்து எழும் புகை. மற்றொன்று, பாலத்தைக் கடந்த சுவடு. பிறிதொன்று, கீழுள்ள நீரின் நிலை. ஓலியின் நகரில் மூன்றும் அன்றாட வாழ்க்கையைச் சொல்கின்றன. 1945 சனவரியின் நகரில் எரிக்க ஒன்றும் இல்லாததால் புகை அருகியது. சுவடுகள் உணவு தேடி நெடுந்தொலைவு நடந்தோரின் சுவடுகள். வண்டித்தடம் விறகோ பிணமோ சுமந்த கைவண்டியின் தடம். நீர் உறைந்து கிடக்கிறது. அதன்மேல் சறுக்க வலிமையுடையோர் சிலர். அவர்காம்ப் தீட்டிய அதே பனிப்பரப்புதான். ஆயினும் இரண்டையும் 'குளிர்காலக் காட்சி' என்னும் ஒரே தலைப்பின்கீழ் வைக்க நெஞ்சு ஒப்பாது.

அப்படங்களை எடுத்தோர் அழகறியாதவர் அல்லர். தேர்ந்த கலைஞர்களே. அழகின் முன் நின்று அதனை அழகு என்று மட்டும் சொல்லாமல் விட்டமையே அவர்கள்தம் அறம்.

தூர்க்கப்படாத நீர்

போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1954இல், நகரின் காவல்துறைத் தலைவர் காஸ்யாஹர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். மகிழுந்துகள் பெருகிவிட்டமையால் பழங்கால்வாய்கள் பலவற்றைத் தூர்த்துச் சாலைகளாக்க வேண்டும் என்பது அது. கடும் எதிர்ப்பு எழுந்தது, திட்டம் கைவிடப்பட்டது. அன்று அது நிறைவேறியிருப்பின், இன்று பனியில் படமெடுக்கப்படும் பாலங்களுள் பல, 1829இல் வீழ்ந்த கோபுரத்தைப் போலப் பழம்படங்களில் மட்டுமே இருந்திருக்கும். பதினேழாம் நூற்றாண்டின் கால்வாய் வளையம் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் இடம்பெற்றது.

எனினும் பட்டியலில் இடம்பெறுதல் காப்பாகிவிடாது. 2020 செப்டம்பர் முதல் நாள், கிரிம்பர்க்வல் என்னும் கால்வாயின் கரைச்சுவர் ஒருபகுதி நீருள் சரிந்தது. குதிரை வண்டிக்கும் கைவண்டிக்கும் எனக் கட்டப்பட்ட கரைகளும் பாலங்களும் பாரவண்டிகளைச் சுமந்து நைந்துவிட்டன. நீருக்கடியில் உள்ள பழைய மரத்தூண்கள் பலவிடங்களில் வலுவிழந்தன. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கரைச்சுவர்களையும் 850 பாலங்களையும் ஆராய்ந்து செப்பனிடும் பெரும்பணியை நகராட்சி மேற்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத மரம் தளரும்போதுதான், கண்ணுக்குத் தெரியும் கல்லின் அருமை தெரிகிறது.

பனியும் அருகிவருகிறது. பதினொரு நகரங்களை உறைந்த நீர்வழியே சுற்றிவரும் புகழ்பெற்ற சறுக்குப் பந்தயம் கடைசியாக நடைபெற்றது 1997 சனவரியில். அதன்பின் பனிக்கட்டி வேண்டிய தடிப்பிற்கு உறையும் குளிர்காலம் வாய்க்கவில்லை. 2021 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்களில் மக்கள் சில நாள் சறுக்கினர்; அது செய்தியாகிப் பேசப்பட்டது. ஒரு காலத்தில் பாலம் அரிதாகி வந்தது, பனி ஆண்டுதோறும் வந்தது. இன்று பாலம் காக்கப்படுகிறது, பனி அரிதாகிறது.

டோரன்ஸ்லௌஸ் பாலத்தின்மேல் 1987 முதல் முல்டாட்டுலி என்னும் புனைபெயர் கொண்ட எழுத்தாளரின் சிலை நிற்கிறது. சாவகத் தீவின் உழவர்கள் டச்சு ஆட்சியில் பட்ட துயரை 1860இல் 'மாக்ஸ் ஹவலார்' என்னும் புதினத்தால் தம் நாட்டு மக்களுக்கே எடுத்துரைத்தவர் அவர். காலடியில் பழஞ்சிறையும், அருகில் இல்லாத கோபுரமும், கீழே அகழியாயிருந்த கால்வாயும் சூழ அவர் நிற்கிறார். பனி விழும் நாளில் அப்பாலத்தைப் படமெடுப்போர்க்கு இவை அனைத்தும் ஒரு சட்டகத்துள் அடங்கும். படத்தின் பின்புறத்தில் ஓலி செய்ததுபோல் நாளையும் குறித்துவைப்பாராயின், அப்பனி என்று விழுந்தது என்பது பின்வருவோர்க்குத் தெரியும்.